கடல் இல்லாத ஊரில் மீன்பேன்

மீனுக்கும் பேன் பிடிக்கும் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அருவருப்பால் இல்லை, சந்தோஷத்தால். தட்டில் கை வைத்தபடி அந்தப் படங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் விலங்கியல் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறை நூலகத்தில் யாரும் எடுக்காத ஒரு தடிப் புத்தகம் இருந்தது. அட்டை தனியாகவும் தாள்கள் தனியாகவும் கிடந்த அந்தப் புத்தகத்தில்தான் கோபிபாட்களைப் பார்த்தேன். துடுப்புக்கால் என்று அந்தப் பெயருக்குப் பொருள். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. கடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் கோடி கோடியாக நீந்தித் திரிகிறவை. அவற்றில் சில மட்டும் என்றைக்கோ ஒரு மீனைப் பிடித்துக்கொண்டன. பிடித்த பிறகு எதற்கு நீந்த வேண்டும்? கால்கள் குட்டையாகிவிட்டன, கொக்கிகள் முளைத்துவிட்டன. ஒன்று நூலாக நீண்டுவிட்டது. ஒன்று பையாக உப்பிவிட்டது. ஒன்று கேடயம் மாதிரித் தட்டையாகி மீனின் தோல்மேல் ஊர்ந்தது. மத்தி மீனில் வாழும் ஒன்று, தலையை வேர் இறக்குவது போலச் சதைக்குள் இறக்கிவிட்டு, உடம்பை வெளியே கடல் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தது. இன்னொரு வகையில் பெண் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருந்தது. ஆண், அவள் உடம்பில் ஒட்டிய ஒரு புள்ளி. அதைப் பார்த்து நூலகத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா அடுகோடியில் ஒரு பட்டறையில் இரும்புக்கு அரம் போடுகிறவர். நான் புத்தகத்தைத் திறந்தால், கேட்காமலே டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்க நான் என்ன படிக்கிறேன் என்று தெரியும், அதாவது 'எம்மெஸ்ஸி' என்று தெரியும். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. இதோ, கேட்டால் சொல்வதற்கு எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது.

ஆனால் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தால் போதுமா? ஆய்வுத் தலைப்பை எங்கள் மேடம் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பல தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பத்துப் பெண்மணி. கோபப்பட மாட்டார். கேள்வி மட்டும் கேட்பார், அது கோபத்தைவிட மோசம். வகுப்பில் எல்லோரும் பட்டுப்புழு, கொசுப்புழு, ஏரித் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தது.

"கடல் மீன்மேல ஒட்டி வாழற கோபிபாட், மேடம்."

"பெங்களூர்ல கடல் எங்கம்மா இருக்கு?"

வகுப்பு சிரித்தது.

"கடல் இல்ல மேடம். கடல் மீன் இருக்கு."

"ஐஸ்ல கிடந்து, லாரியில குலுங்கி, கழுவி, வழிச்சு, செவுளப் பிடுங்கின மீன். அதுல என்ன ஒட்டிட்டு இருக்கும்?"

"ஒட்டறதுக்குன்னே பொறந்தது மேடம் அது."

மேடம் பேனாவை மூடினார். "சரி. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு இந்தத் தலைப்பெல்லாம் யூனிவர்சிட்டிக்குப் போகணும். அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு கொண்டு வா. பாட்டில்ல மிதக்கிறது வேணாம். எது எந்த மீன்லேர்ந்து விழுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? மீனைப் புடிச்சுட்டு இருக்கணும், அதை நான் பார்க்கணும். இல்லன்னா உனக்கும் பட்டுப்புழுதான்."

பட்டுப்புழுவிடம் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் பாதி வகுப்பு அதைத்தான் வளர்க்கப் போகிறது. எனக்கு என்னுடையது வேண்டும். பயமும் வரவில்லை. ஏனென்றால் என் அம்மா மீன் வெட்டுகிறவள்.

சிவாஜிநகர் மார்க்கெட்டில் ஒரு பாயின் மீன்கடை. அந்தக் கடை ஓரத்தில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்திருப்பாள் அம்மா. வாங்கும் மீனை அவளிடம் நீட்டினால், செதில் சீவி, வயிறு கீறி, துண்டு போட்டுத் தருவாள். அவள் வெட்டிய வஞ்சிரத் துண்டுகளை அடுக்கி வைத்தால் சீட்டுக்கட்டு போல இருக்கும். அவளிடம், "ம்மா, வஞ்சிரத் தலை வேணும், காலேஜுக்கு" என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. கையில் கிடைத்த பிறகு சொல்லலாம் என்று ஓர் ஆசை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வந்தாள். பையிலிருந்து, பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். திறந்து காட்டினாள். உள்ளே இரண்டு வஞ்சிரத் தலைகள், தேய்த்து வைத்த வெள்ளி விளக்கு மாதிரி பளபளத்தன. செவுள் மூடியைத் தூக்கினேன். உள்ளே காலி. செவுள் இருந்த இடத்தில் ஒரு சுத்தமான பொந்து.

"ம்மா, செவுள் எங்க?"

"செவுளா? அத எவன் துன்னுவான்?"

"துன்றதுக்கு இல்லம்மா. எனக்கு வேண்டியதே அதுதான்."

"நல்லா இருக்குடி. காலேஜுக்கு எடுத்துனு போறன்னு சொன்ன. அங்க படிச்சவங்க எல்லாம் பார்ப்பாங்கன்னு கல்லுப்பு, மஞ்சத்தூள் போட்டு ரெண்டு வாட்டி தேச்சேன். எலுமிச்சந்தோல் போட்டு வேற தேச்சேன். மோந்து பாரு, கவுச்சி கீதா?"

மோந்து பார்த்தேன். இல்லை. உலகத்திலேயே சுத்தமான இரண்டு மீன் தலைகள் என் மடியில் இருந்தன. நாளை மத்தியானம் பட்டுப்புழு.

அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பையிலிருந்து ஜெராக்ஸ் எடுத்த படங்களைத் தரையில் விரித்து, நான் தேடுவது இதைத்தான் என்று காட்டினேன். அம்மா குனிந்து பார்த்தாள். ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ, கடன்காரனைக் கல்யாண வீட்டில் பார்த்தது போல முகத்தைச் சுருக்கினாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இதயா தேடுற?"

"பார்த்திருக்கியாம்மா?"

"மெல்ல பேசு. வஞ்சிரத்துல கீது, பாறை மீனுல கீது, சங்கராவுல கீது. செவுளத் தொறந்ததும் மொதல் வேல, கட்டவிரலால வழிச்சு கீழ தள்றதுதான். கஸ்டமர் கண்ணுல பட்டுச்சுன்னா முடிஞ்சுது. புழு வச்ச மீனுன்னு சொல்லினு பக்கத்துக் கடைக்குப் பூடுவாங்க. பாய் கடையில சேர்ந்த அன்னிக்கே எனக்குச் சொன்னது இதான்."

"தினமும் இருக்குமா?"

"தினமும்தான்."

நான் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன், கூரை ஓடு கையில் இடித்தது. "தினமும் பூச்சி இருக்கா?" என்று கத்தியும்விட்டேன். அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். சந்தில் பாதி வீடு பாய் கடையில்தான் மீன் வாங்குகிறது. பொத்திய கையில் எலுமிச்சை வாசனை அடித்தது. என்னால் சிரிப்பை நிறுத்தவே முடியவில்லை. புத்தகத்தில் யாரோ எந்தக் காலத்திலோ எந்தக் கடலிலோ பார்த்து வரைந்தது, ஒவ்வொரு நாளும் என் அம்மாவின் காலடிக் குப்பைக் கூடைக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"இத்தன வருஷத்துல ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? வேல முடிஞ்சு வூட்டுக்கு வந்து பூச்சிக் கதையா பேசுவாங்க?"

சனிக்கிழமை அம்மா வழக்கம்போல விடியலிலேயே போய்விட்டாள். நான் இடுக்கி, கைலென்ஸ், ஐஸ் போட ஒரு அகன்ற வாய் பிளாஸ்க் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பின்னால் பஸ் பிடித்தேன்.

பாய் தெர்மோகோல் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணு, பாய். எம்மெஸ்ஸி படிக்குது" என்றாள் அம்மா.

"தெரியும்கா. நீங்க அத சொல்லாத நாள் கீதா? என்னா பேட்டி, மீனு வேணுமா?" என்றார் பாய். மகளே என்பதற்கு அவருடைய உருதுவில் பேட்டி.

"மீனு வேணாம் அங்கிள். மீன்ல இருக்கிற..."

அம்மா இடுப்பில் கிள்ளினாள். ஆனால் பாய்க்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த ஐஸ் கட்டியை அப்படியே வைத்துவிட்டார்.

"டாக்டருக்குப் படி, கலெக்டருக்குப் படி, நான் வேணாம்னா சொல்றேன்? இதுக்குப் போயி யாராவது படிப்பாங்களா? அதுவும் சனிக்கிழமை, வியாபார நேரத்துல?"

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நான் உட்கார வேண்டும். லென்ஸ் வெளியே தெரியக் கூடாது. அந்த வார்த்தையை வாயால் சொல்லக் கூடாது. 'அது' என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் மத்திக் கூடை. கொட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு மீனின் முதுகில் சாம்பல் நிறத்தில் ஒரு நூல் தொங்குவதைப் பார்த்தேன். புத்தகத்தில் பார்த்த அதே நூல். இடுக்கியால் மெதுவாக இழுத்தேன். மெதுவாகத்தான் இழுத்தேன், அறுந்துவிட்டது. தலை சதைக்குள்ளேயே நின்றுவிட்டது. தலை இல்லாத நூலை மேடத்திடம் காட்டினால் கோணி நூலா என்று கேட்பார். பாங்டா என்று இங்கே சொல்லும் கானாங்கெளுத்தியில் ஒன்றும் இல்லை. சங்கராவில் ஒரு கேடயப் பேன் இருந்தது, செத்துச் சுருண்டு, எதையும் பிடிக்காமல் கிடந்தது.

வஞ்சிரம் வர ஆரம்பித்தது. அங்கேதான் அம்மாவின் கட்டைவிரல் குறுக்கே வந்தது. வாங்குகிறவருக்குச் செவுள் சிவப்பைக் காட்ட வேண்டும். மூடியைத் தூக்குகிற அதே வீச்சில் விரல் உள்ளே போய் வழித்துவிட்டு வெளியே வந்துவிடும். நான் "ம்மா" என்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

"ம்மா, வழிக்காதம்மா."

"எங்கடி வழிச்சேன்?"

"இப்பதாம்மா வழிச்ச."

தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். அந்த விரல் அவளைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. முந்தானை ஓரத்தைக் கிழித்து, காயத்துக்குக் கட்டுவது போலக் கட்டைவிரலைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு அரிவாள்மனையில் துண்டுகள் கோணலாக விழுந்தன. ஒரு வாடிக்கையாளர், "கை வெட்டிக்கினியாம்மா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு மங்களூர்க்கார அம்மா வந்தார். வஞ்சிரத்தை அவர்கள் ஊரில் அஞ்சல் என்பார்கள். "மங்களூர் அஞ்சலா?" என்று அவர் கேட்க, "மங்களூரேதான்" என்றார் பாய். இருப்பதில் பெரிய மீனைக் காட்டி, செவுளைத் திறக்கச் சொன்னார் அந்த அம்மா. என் அம்மா இடது பக்க மூடியைத் தூக்கினாள். பின்னாலிருந்து நான் எட்டிப் பார்த்தேன்.

ரத்தச் சிவப்பான செவுள் இழைகளுக்கு நடுவில், பழுப்பு வெள்ளையாக, ஒரு சீரகத்தைவிடச் சற்று நீளமாக அது இருந்தது. வால் பக்கத்திலிருந்து இரண்டு மெல்லிய முட்டைச் சரங்கள் தொங்கின. துணி சுற்றிய கட்டைவிரல் பாதி வழி போய் அந்தரத்தில் நின்றது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆனால் மீன் அதற்குள் தராசில் ஏறிவிட்டது. அது இப்போது அந்த அம்மாவுடைய மீன். தலையும் வேண்டும் என்றார் அவர். வீட்டில் எல்லோரும் தலைக்குத்தான் அடித்துக்கொள்வார்களாம். என் அம்மா வாடிக்கையாளரிடம் எதையும் கேட்கிற பழக்கம் இல்லாதவள். இனாமாகத் தருகிற குடலைக்கூட வேண்டாம் என்பவள். தொண்டையைச் செருமினாள்.

"தல உங்களுக்குத்தான்கா. செவுள் மட்டும் எனக்குத் தர்றீங்களா?"

"செவுளா? ஏன், பூனைக்கா?"

"ஆமா ஆமா, பூனைக்குத்தான்" என்றார் பாய் அவசரமாக.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு அதுவே போதும். ஆனால் அம்மாவின் முகம் மாறியது. பூனை என்றதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"பூனைக்கு இல்ல. என் பொண்ணுக்கு. இந்தச் செவுள்ல ஒரு பூச்சி கீது. அதப் பத்திதான் அது எம்மெஸ்ஸி படிக்குது."

பாய் திரும்பிக்கொண்டு, அடுக்கி முடித்திருந்த ஐஸை மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? எழுந்து வந்து அந்த அம்மாவின் கையில் லென்ஸைக் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை.

"ஏனம்மா, இது ஜீவ இதெயா? உயிரா இருக்கு?"

"இருக்கணும்ங்க. இந்தச் சரம் ரெண்டும் முட்டை."

"தின்னா?"

"நம்மள ஒண்ணும் பண்ணாதுங்க. அது மீனைத்தான் புடிக்கும். செவுளோட வெளிய போயிடும். அது உயிரோட இருந்தா மீன் நல்ல ஃப்ரெஷ்ஷுன்னு அர்த்தம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஹௌதா, அப்படியா? சரி, தலையை ரெண்டாப் பொளந்து கொடுங்க" என்றார். பாய் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார். அதே தைரியத்தில் அடுத்து வந்த வாடிக்கையாளரிடம், "பூச்சி கூட உயிரோட கீது சார், அவ்ளோ ஃப்ரெஷ்ஷு" என்று சொல்லிப் பார்த்தார். கையிலிருந்த சங்கராவைப் போட்டுவிட்டுப் போன அந்த மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா கட்டைவிரல் துணியை அவிழ்க்காமலே, இடது பக்கச் செவுள்கள் முழுவதையும் வளைவோடு சேர்த்து வெட்டி எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள் என்று நினைக்கிறேன், நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். கழுவாமல், துடைக்காமல், ரத்தத்தோடு பிளாஸ்க்கில் இறங்கியது அது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே இருந்தது. யார் மூக்கைப் பொத்தினாலும் எனக்குக் கவலையில்லை. என் மடியில் இருப்பது என்ன என்று இந்த பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது என்பதே பெரிய குஷியாக இருந்தது.

மேடம் மேஜைமேல் தலைப்புத் தாள் தயாராக இருந்தது. என் பெயருக்கு நேரே இடம் காலி. பேனா திறந்திருந்தது.

உப்புத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தட்டில் செவுளை இறக்கி, நுண்ணோக்கியை முதலில் நான்தான் சரிசெய்தேன். சரிசெய்யும்போது பார்த்துவிட்டேன். செவுள் இழை ஒன்றை, இரண்டு கொக்கிகளால், கிளையைப் பிடித்த வௌவாலைப் போல அது இறுகப் பிடித்திருந்தது. முட்டைகள் சரத்துக்குள் நாணயம் அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. உடம்புக்குள் ஏதோ ஒன்று சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. கடலிலிருந்து மலையேறி, லாரியிலும் ஐஸிலும் கிடந்து, சிவாஜிநகரைத் தாண்டி, இரண்டாவது மாடிக்கு வந்தும் அது பிடியை விடவில்லை. நான் நகர மறந்துவிட்டேன். மேடம் என் தோளைத் தொட்டுத்தான் நகர்த்தினார்.

அவர் பார்த்தார். குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார்.

"எந்த மீன்?"

"வஞ்சிரம், மேடம்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். வெளியிலேர்ந்து ரெண்டாவது வளைவு."

"எந்தக் கடல்?"

அதை நான் விசாரிக்கவே இல்லை.

"கிழக்கா மேற்கா? மெட்ராஸ் பக்கமா, மங்களூர் பக்கமா? கடல் தெரியாம நான் என்னன்னு எழுதறது? பெங்களூர்க் கடல்னா?"

பாய் மங்களூர் என்றுதான் சொன்னார். ஆனால் பாய் சொல்வதைப் பற்றி எங்கள் சந்துக்கே தெரியும். மங்களூர்க்காரர் கேட்டால் மங்களூர் மீன், தமிழ் ஆட்கள் கேட்டால் மெட்ராஸ் மீன். வாங்குகிறவருக்கு அவரவர் ஊர்க் கடல். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. படிகளில் இறங்கி, வாசலுக்கு எதிரே இருந்த காசு போடும் ஃபோனுக்கு ஓடினேன். பாய் கடை நம்பர் மனப்பாடம்.

"அங்கிள், காலையில வஞ்சிரம் எந்த ஊர் லாரியில வந்துச்சு?"

அந்தப் பக்கம் யாரோ தமிழில் மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கடையில ஆள் இருக்காங்க பேட்டி" என்றார் தணிந்த குரலில். உடனே, கடைக்கே கேட்கும்படி, "மெட்ராஸ் மால்தான். மெட்ராஸ்" என்றார்.

"அம்மாகிட்ட குடுங்க."

"அக்கா ஜோரா வேலையில கீறாங்க."

"அங்கிள், ஒரே நிமிஷம். என் படிப்பு விஷயம்."

ரிசீவர் கை மாறியது. அம்மாவுக்கு ஃபோனில் மெதுவாகப் பேச வராது. தூரத்து ஆளுக்குச் சத்தமாகப் பேச வேண்டும் என்பது அவள் எண்ணம்.

"மங்களூர் லாரிடி. விடியகாலையில பெட்டி எறக்கறப்ப நான்தான் அங்க நின்னுனு இருந்தேன். மெட்ராஸ் வண்டி இன்னிக்கு வரவே இல்ல."

பின்னால் யாரோ ஒரு அம்மா, "அப்ப இது மெட்ராஸ் மீனு இல்லியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "அக்கா..." என்று பாய் முனகினார். காசு தீர்ந்து ஃபோன் நின்றது.

இரண்டு மாடியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. மேடம் இன்னும் நுண்ணோக்கியிலேயே குனிந்திருந்தார். பின்னால் பட்டுப்புழுக்காரர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"அரபிக்கடல், மேடம்."

"நிச்சயமா?"

"எங்கம்மா பெட்டி எறக்கும்போது நின்னு பார்த்திருக்காங்க."

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்து, தாளை இழுத்து, என் பெயருக்கு நேரே எழுத ஆரம்பித்தார். நீளமான தலைப்பு. கட்டத்துக்குள் அடங்காமல் ஓரம்வரை போனது. எழுதி முடித்து, மை காய ஊதிவிட்டு, என்னைப் பார்த்தார்.

"ஒண்ணை வச்சு டிகிரி தர முடியாதும்மா. வாரத்துக்கு எத்தனை மீன் உன்னால பார்க்க முடியும்?"

எனக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"கடைக்கு வர்ற அத்தனையும், மேடம்" என்றேன்.